டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்ன நாள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். நடுநடுவே மறந்தும் போகிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் கடைசி. அப்போது செம்பாக்கத்தில் இருந்தோம். என் பெண் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாவது படித்தாள். அந்த வருஷம்தான் அவள் வயசுக்கு வந்தாள். அது எங்கள் இரண்டு பேருக்குத் தவிர யாருக்கும் தெரியாது. என் புகுந்த வீட்டில் சடங்கு என்றால் ஸ்பீக்கர் கட்டி, தெருவுக்கே சாப்பாடு போட்டு, கையோடு பெண்ணின் புத்தகப் பையையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். நாத்தனார் வேறு தன் பிள்ளைக்கு இவளைத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் மறைத்தேன். "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று பெண்ணிடம் சொல்லிவைத்தேன்.

கொஞ்ச நாளில் பள்ளியிலிருந்து புகார் வர ஆரம்பித்தது. பாடம் நடக்கும்போது எதிர்த்துப் பேசுகிறாள், பக்கத்துப் பெண்ணின் ஜடையை இழுக்கிறாள் என்று. இரண்டு மூன்று நாள் ஆடுவாள். அப்புறம் இருக்கிற இடம் தெரியாது. மறுபடி ஆரம்பிப்பாள். கேட்டால் வாயே திறக்க மாட்டாள்.

கடைசியில் ஒருநாள் டஸ்டரைத் தூக்கி எறிந்துவிட்டாள். மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் வகுப்பு சாரும் இருந்தார். என் பெண் சுவரோரம் நின்றாள்.

"வூட்ல இவளுக்கு சோறு போடறீங்களா, மிளகாப்பொடி போடறீங்களா?" என்றார் சார். "எப்பவும் வெளில போய் நில்லுன்னுவேன். ஏதோ பிரைஸ் குடுத்த மாதிரி ஓடுவா. அதான் நேத்து உள்ளயே முட்டி போட வெச்சேன். டஸ்டர் பறந்து வருது மேடம்!"

"டி.சி. எழுதச் சொல்லிட்டேன்மா" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். "அவங்கப்பாவ வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

நேற்று என்றதும் எனக்குத் திக்கென்றது. நேற்றுக் காலையில்தான் அவளுக்குத் துணி மடித்துக் கொடுத்தேன். போன தடவை புகார் வந்தபோதும் அந்தத் துணி என் உள்பாவாடைக்கு அடியில் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

சொன்னால்தான் டி.சி. நிற்கும். ஆனால் அந்த சார் சாயங்காலம் என் வீட்டுக்காரரோடு ஒரே கடையில் டீ குடிப்பவர். சார் காதில் விழுந்தால் மறுநாளே பந்தக்கால் நட்டுவிடுவார்கள்.

"டீச்சர், சாரைக் கொஞ்சம் வெளியே..."

"என் எதிர்லயே சொல்லுங்கம்மா. நான் இன்னா வண்டலூர் புலியா?"

ஹெட்மிஸ்ட்ரஸ் என் முகத்தைப் பார்த்தார். "சார், கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

அவர் வெளியே போனார். பெண்ணிடம் போய் மெதுவாகக் கேட்டேன். "அதுக்காகவாடி?"

அவளுக்கு அழுகை பீறிட்டது. "நீதானேமா யார்கிட்டயும் சொல்லாதேன்னே! இன்டர்வல்ல ஒரே கும்பல், பாத்ரூம் கதவுக்குத் தாப்பா இல்ல. கிளாஸ்ல கேட்டா சார் எதுக்கு எதுக்குன்னு எல்லார் எதிர்லயும் கேப்பாரு. வெளிய நிக்க வெச்சா யாரும் பாக்காம போய் மாத்திப்பேன். நேத்து முட்டி போட வெச்சிட்டாரு. பாவாடைல பட்டுடும்னு பயமா இருந்திச்சி."

ஹெட்மிஸ்ட்ரஸ் என் பக்கம் திரும்பினார். "வீட்ல தெரியாதா?" என்றார்.

"தெரிஞ்சா படிப்ப நிறுத்திடுவாங்க டீச்சர்."

சாரை உள்ளே கூப்பிட்டார். "டி.சி. வேணாம் சார். இனிமே இவ எழுந்தா, எதுக்குன்னு கேக்காம அனுப்புங்க."

"காரணம், மேடம்?"

"நான் சொல்றேன். அது போதாதா?"

சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும்போதே அவர் முகத்தைத்தான் பார்த்தேன். டீக்கடையில் என்ன பேசினார்களோ என்று பயம். "ஏன் இப்படி முழிக்கிறே? சோத்தப் போடு" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த மாசம் அவள் வகுப்பில் எழுந்து நின்றாளாம். சார் ஒன்றும் கேட்காமல் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். அந்த வருஷம் பாஸும் செய்தாள்.

அது ஏழாவதா எட்டாவதா, எறிந்தது டஸ்டரா சாக்பீஸ் டப்பாவா என்பதை மட்டும் என் பெண் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுக்கட்டும்.