காலி என்று நான் குறித்த இடம்

"உங்க வீட்ல நீதான் முதல்ல படிச்சவளாமே? கோடிங் எல்லாம் உனக்கு வராதும்மா, டெஸ்டிங் மட்டும் பாரு," என்றார் எங்கள் டீம் லீடர். ஓசூரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது.

ஒரு கணினிக்குள் இயங்கும் இன்னொரு கணினிக்கு, ஒரு பெரிய கோப்புதான் தகவலைச் சேமிக்கும் வட்டு. எங்கள் மென்பொருளில், உள்ளே எவ்வளவு அழித்தாலும் அந்தக் கோப்பு சிறுக்கவில்லை. யாரிடமும் கேட்காமல் அந்தப் பிழையை நானே சரிசெய்தேன். லீடரே பாராட்டினார். மூக்கண்டப்பள்ளியில் நான் தங்கியிருந்த அறைக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நல்லது கண்ணு, சாப்ட்டியா?" என்றாள். அதற்கு மேல் சொல்லிக்கொள்ள எனக்கு யாருமில்லை.

மறுநாள் மதியம், பக்கத்து மேசை மஞ்சுநாத் என் திருத்தத்தோடு இயங்கிய தன் சோதனைக் கணினியின் பழைய நகலைத் திறக்கப் பார்த்தார். அது திறக்கவில்லை. அவருடைய ஒரு வார வேலை அதில் இருந்தது.

"நானேதான் எதையோ அழிச்சிருப்பேன். நீ போய்ச் சாப்பிடும்மா," என்று சிரித்தார்.

சாப்பிடப் போகாமல் என் நிரலைத் திறந்தேன். பழைய நகலும் புதியதும் சில இடங்களைப் பகிர்ந்திருந்தன. புதியதில் அழித்ததுமே, பழையதற்குத் தேவையா என்று பார்க்காமல், அவற்றைக் காலி என்று குறித்திருந்தேன். பழைய நகலின் மேலேயே வேறு தகவல் எழுதப்பட்டுவிட்டது.

அன்று மாலை அந்தத் திருத்தம் வாடிக்கையாளர்களுக்குப் போக இருந்தது. சொன்னால் லீடரின் பேச்சு உண்மையாகிவிடும். என் நிரலை வேறொருவர் படித்திருந்தால் முன்பே கண்டுபிடித்திருப்பார். நான்தான் யாருக்கும் படிக்கக் கொடுக்கவில்லை.

திருத்தத்தை நிறுத்தச் சொல்லி, காரணத்தை என் பெயரிலேயே குழுவுக்கு எழுதினேன். பிறகு என் நாற்காலியை மஞ்சுநாத்தின் மேசைக்கு இழுத்துப்போனேன்.

"அழிச்சது நான்தாங்க. கூட உக்காந்து என் நிரலைக் கொஞ்சம் பாக்கறீங்களா?"