கொளஞ்சியப்பருக்குத் தெரிந்த என் தலைவலி

இந்த ஊர் மருத்துவமனையில் என்னை யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "கூட யாரு வந்திருக்கீங்க?" ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருடமாகிறது, ஒருவர்கூடக் கேட்டதில்லை. காத்திருக்கும் அறைக்குள் வருகிறவர்கள் பொதுவாக ஒரு "குட்டன் மோர்கன்" சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பேச்சு மூச்சு கிடையாது. விருத்தாசலத்தில் என்றால் பக்கத்து நாற்காலி அம்மா இந்நேரம் என் வியாதியைக் கேட்டு, தன் வியாதியைச் சொல்லி, இரண்டுக்கும் சேர்த்து ஒரு கஷாயமும் சொல்லியிருப்பார். இங்கே மருத்துவரே கதவருகே வந்து, என் பெயரை மூன்று துண்டாக உடைத்துக் கூப்பிட்டு, கைகுலுக்கி உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்துகிறார். உடம்பு சரியில்லாதவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவது என்ன பழக்கம் என்று ஆரம்பத்தில் எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ முடித்து, மேலே படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள் நான். தனி ஆள். பீங்கான் உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் விரிசல் பார்ப்பது என் வேலை. சூளையிலிருந்து வரும் சாமானைச் சிவப்புச் சாயத்தில் முக்கித் துடைத்தால், சும்மா பார்க்கும்போது தெரியாத விரிசல் மயிரிழையாகத் தெரியும். போன வருடம் ஒரு முற்பகலில் அப்படி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் வலது நெற்றிப்பொட்டுக்கு மேலே சுரீரென்று ஒரு குத்து. கோணி ஊசியை ஏற்றி இழுத்த மாதிரி. கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது, பத்து நிமிடத்தில் மறுபடி வந்தது. ஒரு வாரம் இப்படியே போக, ஹவுஸார்ஸ்ட் எனப்படும் குடும்ப மருத்துவரிடம் போனேன். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டார். ஒன்பது என்றேன். பெரியவர்களிடம் சிரித்த முகமாகப் பேசித்தானே நமக்குப் பழக்கம், அன்றும் சிரித்துக்கொண்டே சொல்லித் தொலைத்தேன். அவர் என் பல்லைப் பார்த்துவிட்டு ஐந்து என்று எழுதிக்கொண்டார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். நரம்பு மருத்துவருக்குச் சீட்டும் எழுதித் தந்தார், அந்த மருத்துவரிடம் தேதி கிடைத்தது பத்து மாதம் தள்ளி.

பத்து மாதம் யார் காத்திருப்பது? இரண்டு மாதத்தில் விடுப்பு போட்டு ஊருக்குக் கிளம்பினேன். சென்னையிலிருந்து வந்த பஸ் வேப்பூரில் டீக்கு நின்றபோதும் ஒரு குத்து விழுந்தது, டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். மறுநாளே அண்ணன் என்னைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தான். மதியத்துக்குள் படம் கையில். சாயங்காலம் விருத்தாசலத்தில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். இதல்லவா வேகம் என்று மனசுக்குள் ஜெர்மன்காரர்களை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார். என்னைப் பார்க்காமல், "கூட யாரு வந்திருக்கீங்க?" என்றார். அண்ணன் எழுந்து நின்றான். "நீங்க செத்த வெளிய இருங்கம்மா" என்றார் என்னிடம்.

"நீ போயி குந்து பாப்பா, நான் வந்துர்றேன்" என்றான் அண்ணன்.

நானும் போய் உட்கார்ந்தேன். நாற்பத்தோரு வயது, விரிசல் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள், என் தலையைப் பற்றி உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எனக்குத் தப்பாகவே படவில்லை. இருபது நிமிடம் கழித்துக் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தபடி வந்தான்.

"என்னாவாம்ண்ணே?"

"ஒன்னும் இல்ல. நரம்பு பலவீனமாம். நீ அங்க ஒழுங்கா சாப்புடறதில்ல. மாத்தர எழுதிக் குடுத்திருக்காரு."

ரிப்போர்ட்டை அவன் வைத்துக்கொண்டான். படமும் சிடியும் இருந்த பெரிய உறையை மட்டும் என்னிடம் தந்தான். கறுப்பு வெள்ளைப் படத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பான்.

அதற்குப் பிறகு ஊரில் இருந்த பத்து நாளும் ராஜ உபசாரம். அம்மா என்னைக் குடம் தூக்க விடவில்லை. வாய்க்கு வாய் வம்பு இழுக்கும் அண்ணி, மீன் குழம்பில் நடுத்துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தாள். எதிர்வீட்டு அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். கிளம்பும் நாளில் ஜங்ஷனில் அண்ணி அழுத அழுகைக்கு, நம் மேல் இத்தனை பாசமா என்று ரயிலில் உட்கார்ந்து நானும் அழுதேன். என்னை மாதிரி ஒரு மடச்சி உண்டா.

எட்டு மாதம் கழித்து நரம்பு மருத்துவரின் தேதி வந்தது. வலி நடுவில் குறைந்து, மறுபடி கூடியிருந்தது. புதிதாக எடுத்த ஸ்கேனோடு ஊர்ச் சிடியையும் கொடுத்தேன். அவர் இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதற்கு என்ன சிகிச்சை எடுத்தீர்கள்?" என்றார். எதற்கு என்று கேட்டேன். அவர் திரையை என் பக்கம் திருப்பி, மூளை ரத்தக்குழாயில் பயறு போலப் புடைத்திருந்த இடத்தைக் காட்டினார். இங்கே அதற்கு அனொய்ரிஸ்மா என்று பெயர். பழைய படத்தில் ஐந்து மில்லிமீட்டர். புதியதில் ஏழு. இந்தக் குத்தல் வலிக்கு அதுதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அது வெடித்தால் உயிருக்கு ஆபத்து என்றார். பழைய படம் நார்மல் என்று சொன்னார்களே என்றேன்.

"யார் சொன்னது?"

"என் அண்ணன்."

"அவர் மருத்துவரா?"

"இல்லை. செராமிக் யூனிட்டில் சூளை சூப்பர்வைசர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்போது உங்களுக்குச் சுயநினைவு இல்லையா என்று கேட்டார். இருந்தது என்றேன். அப்படியானால் அவர் உங்கள் பெட்ரொயரா என்றார். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கு நீதிமன்றம் நியமிக்கும் காப்பாளருக்கு அந்தப் பெயர். இல்லை, கூட வந்திருந்தார், அவ்வளவுதான் என்றேன். அந்த "அவ்வளவுதான்" அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. இங்கே மருத்துவருக்கு ஷ்வைகெஃப்லிஷ்ட் என்று ஒரு கடமை இருக்கிறது. நோயாளியின் விஷயத்தை நோயாளியின் அனுமதி இல்லாமல் அடுத்தவரிடம் வாயே திறக்கக் கூடாது. நம் ஊரில் வாய் திறக்காமல் இருந்தது என்னிடம் மட்டும்தான்.

வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து அண்ணனைக் கூப்பிட்டேன். வேலையில் இருந்தான்.

"ரிப்போர்ட்டு எங்கண்ணே?"

"எந்த ரிப்போர்ட்டு?"

"என் தலையில இருக்குறத எழுதின ரிப்போர்ட்டு."

சூளை இரைச்சலை விட்டுத் தள்ளிப் போனான். "பீரோல இருக்குது" என்றான். "பயந்துக்குவன்னுதான் பாப்பா. அங்க தனியாக் கெடக்குற. சொல்லிட்டா தூங்குவியா நீ?"

"வெடிச்சிருந்தா?"

"அப்டியெல்லாம் ஆவாது. கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டியிருக்குது."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், நம் குறையைக் காகிதத்தில் மனுவாக எழுதிக் கட்டிவிட்டு வருவார்கள். சாமி விசாரிப்பார் என்று நம்பிக்கை.

"என்னான்னு எழுதின?"

"ஒம் பேரு, நட்சத்திரம், நீ இருக்குற ஊரு. தலையில ரத்தக்கொழாயி அஞ்சு மில்லி வீங்கியிருக்குதுன்னு. டாக்டரு சொன்னது எல்லாத்தையும் எழுதிட்டேன். அண்ணிதான் எழுதுனா, எங் கையெழுத்து நல்லாருக்காதுல்ல."

போனை வைத்துவிட்டேன். சாமிக்கு அளவு முதற்கொண்டு தெரியும். அண்ணிக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், எதிர்வீட்டு அக்காவுக்கும் தெரியும். அந்த நடுத்துண்டு மீன் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கட்டிப்பிடித்து அழுது அனுப்பி வைத்தார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என்னைப் பற்றிய ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்பு அப்பாவுக்குக் குடலில் புற்று வந்தபோது, அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணன் கேட்டதற்குப் போனில் சரி என்றவள் நான். "என்னா சொன்னாங்க பாப்பா?" என்று வீடியோவில் அப்பா என்னைத்தான் கேட்டார். "வெறும் புண்ணுப்பா" என்றேன். நான் பொய் சொல்ல மாட்டேன் என்று நம்பித்தான் என்னைக் கேட்டிருப்பார். அதை நம்பியே போய்ச் சேர்ந்தார். அதை நினைத்து அண்ணன் மேல் கோபம் குறைகிறதா என்று பார்த்தேன். குறையவில்லை, என் மேலும் சேர்ந்துகொண்டது.

சரி, எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொல்கிறவர்களாவது கைகொடுப்பார்கள் என்று அடுத்த சந்திப்புக்குப் போனேன். ஆபரேஷன் செய்தால் நூற்றில் சிலருக்கு ஆபத்து, செய்யாமல் விட்டாலும் ஆபத்து என்று இரண்டையும் காகிதத்தில் வரைந்து காட்டினார் மருத்துவர். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நான் நீங்கள் இல்லையே, அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அன்பாகவே சொன்னார். அங்கே என்னிடம் சொல்லாமலே முடிவு செய்தார்கள். இங்கே எல்லாம் சொல்லிவிட்டு முடிவை என் தலையில் கட்டுகிறார்கள். மூன்று வாரம் யோசித்து, ஆபரேஷனுக்குச் சரி என்றேன்.

நேற்று மருத்துவமனையில் படிவம் நிரப்பினேன். உங்களைப் பற்றிய தகவலை யாரிடம் சொல்லலாம் என்று ஒரு கட்டம். ஒன்பது வருடத்தில் இந்த ஊரில் அந்தக் கட்டத்தில் எழுத எனக்கு ஒரு பெயர் சேரவில்லை. வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, அண்ணன் பெயரையும் தொண்ணூற்றொன்றில் தொடங்கும் நம்பரையும் எழுதினேன். அவனுக்குப் படிக்க வராத ஜெர்மனில், "எனக்குச் சொன்ன பிறகு மட்டும்" என்று பக்கத்திலேயே சேர்த்தேன். நர்ஸ் படித்துப் பார்த்தார். இங்கத்து வழக்கப்படி நேராகவே கேட்டார்.

"நீங்கள் கண் விழிக்கவே இல்லையென்றால்?"

"அப்போது அவனிடமே சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரியாததைத் தெரிந்து வைத்திருப்பது அவனுக்குப் பழக்கம்தான்" என்றேன்.

அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். பிறகு நான் எழுதியதன் கீழே, அழகான கையெழுத்தில், "இல்லையென்றால், அண்ணன்" என்று எழுதிக்கொண்டார்.