மீனுக்கு முன்னால் தண்ணீர்

தங்கமீன் வளர்க்கப் போகிறேன் என்று என் தங்கை தினேஸ்வரி தொலைபேசியில் சொன்னபோது, எங்கே வாங்கப் போகிறாய் என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம். வெள்ளிக்கிழம வரும்போது ஒன் ரசமட்டத்த எடுத்துக்கிட்டு வாண்ணே. ஹால் தரை எந்தப் பக்கம் சரிஞ்சிருக்குன்னு பாக்கணும்" என்றாள்.

நான் ஈப்போ பக்கம் செமோரில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறவன். படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்திவிட்டேன். ஆனால் ஒரு கதவுச் சட்டம் நூலளவு கோணினாலும் கண்ணை உறுத்தும். தினேஸ்வரிக்கும் அதே குணம், என்னைவிட ஒரு பிடி அதிகம். குனோங் ராபாட்டில் ஹியோங் பெங் பிஸ்கட் சுடும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை. அடுப்பிலிருந்து வருவதில் வெடித்தது, கருகியது, உள்ளிருக்கும் பாகு ஒழுகியது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நல்லதைப் பொட்டலம் கட்டுவாள். அவள் பார்த்து அனுப்பியதை முதலாளி தவுக்கே மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை.

ரப்பர் தோட்டத்தில் பிறந்த கடைசிப் பிள்ளை அவள். நன்றாக ஓடத் தெரிவதற்குள் தோட்டம் வீடமைப்புக்குக் கைமாறிவிட்டது. நாங்கள் குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீட்டுக்கு வந்தோம். அப்பா போன பிறகு அந்த வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு பொருளும் தேவைக்காகத்தான் வந்தது. சும்மா உட்கார்ந்து பார்த்துச் சந்தோஷப்பட என்று எதுவும் வந்ததில்லை. தவுக்கேயின் கடை முகப்பில் ஒரு மீன்தொட்டி உண்டு. தேநீர் நேரத்தில் மற்றவர்கள் கைப்பேசியில் மூழ்கியிருக்க, இவள் அந்தத் தொட்டியின் முன்னால் நிற்பாள். இத்தனை வயதுக்கு எனக்கென்று ஒன்று வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டது, முதல் தடவையாக, இந்தத் தங்கமீனைத்தான்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் அம்மா காளியம்மா, வெட்டுக்கத்தி பிடித்துப் பால்மரம் சீவி எங்களை வளர்த்தவர். பல வருடங்களுக்கு முன் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் யாரோ வாங்கிக் கொடுத்த தங்கமீன் ஒன்று பிஸ்கட் போத்தலுக்குள் இருந்து, தீபாவளிக்கு முதல் நாள் காலையில் வயிறு மேலாக மிதந்தது. அம்மா அதை மறக்கவே இல்லை.

"வீட்டுக்குள்ள உசுரு போறது எனக்கு ஆகாது. வைக்கிறதுனா வை. ஆனா ஒரே ஒரு மீனு செத்தாலும் தொட்டி வாசலத் தாண்டிரணும். அப்புறம் என்னைக்கும் கேக்கக் கூடாது" என்றார்.

"சரிம்மா."

"பொறவு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"வைக்கமாட்டேன்லா. சாகாது."

எனக்கு அந்தப் பேச்சு கவலையாக இருந்தது. எங்கள் தெருவில் பிளாஸ்டிக் பையில் தங்கமீன் வாங்கி வராத வீடு இல்லை. அந்த மீன் அடுத்த வாரம் உயிரோடு இருந்த வீடும் இல்லை. அம்மாவின் நிபந்தனையை ஒப்புக்கொண்டு இவள் எப்படி ஜெயிக்கப் போகிறாள்?

வெள்ளிக்கிழமை ரசமட்டத்தோடு போனேன். தரை முன்வாசல் பக்கம் சரிந்திருந்தது. வீடு கழுவினால் தண்ணீர் வெளியே ஓடுவதற்காகக் கொத்தனார் வைத்த சரிவு. அதன் மேல் தொட்டியை வைத்தால் ஒரு பக்கக் கண்ணாடி எந்நேரமும் கூடுதல் பாரம் தாங்கும். அதற்காக இரும்பில் ஒரு தாங்கி செய்தேன். இரண்டு கால்கள் ஒரு விரல் அகலம் நெட்டை. ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் வந்து நின்றதும் தினேஸ்வரி குனிந்து பார்த்தாள். பிறகு மறுபக்கம் போய் அங்கிருந்தும் பார்த்தாள். பிறகுதான் சிரித்தாள்.

தொட்டி வந்த அன்று பக்கத்து வீட்டுக் கென்னத் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தான். என்னோடு பள்ளியில் படித்தவன், வாய் சும்மா இருக்காது.

"என்னா மச்சான், இம்புட்டு நீளமா இருக்கு? மீனுக்கா, இல்ல உன் தங்கச்சி நீந்தப் போறாளா?"

"தங்கமீனு கையளவு வளரும் அண்ணே. வாங்குறப்ப இருக்கிற அளவ வச்சுத் தொட்டி வாங்கக் கூடாது" என்று தினேஸ்வரி உள்ளே இருந்தே பதில் சொன்னாள். "உயரம் வேணாம், நீளம்தான் வேணும். அது மேலயும் கீழயும் போற மீனு இல்ல."

இடத்தையும் அப்படியே யோசித்துத்தான் வைத்தாள். முன்வாசலுக்கு எதிரே வைத்தால் காலை வெயில் விழுந்து பாசி பிடிக்கும். டிவி பக்கம் வைத்தால் சத்தம். அடுப்பங்கரை வாசலில் எண்ணெய் ஆவி. கடைசியில் கண்ணாடித் தகடுகள் அடுக்கிய பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழே இடம் பிடித்தாள். மின்சார பிளக் கைக்கு எட்டும், பூனை ஏறிக் குதிக்க மேசை எதுவும் அருகில் இல்லை. எதிர்ச்சுவரில் அம்மாவின் சாமி மேடை. அதைப் பற்றி யாரும் எதுவும் நினைக்கவில்லை.

தண்ணீர் நிரப்பினாள். பஞ்சு வடிகட்டியை உள்ளே வைத்து, காற்று பம்ப்பை ஜன்னல் ஓரத்தில் உள்பக்கமாக மாட்டினாள். குமிழ்கள் வரிசையாக மேலே ஏறின. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்த வாரம் மீன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து, மீனே இல்லாத தண்ணீரில் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுவாள். தண்ணீர் கலங்கியது, பிறகு மெல்லத் தெளிந்தது. வாரத்துக்கு ஒருமுறை சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டு, என்ன நிறம் வருகிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

விருந்துக்கு வந்த எங்கள் மாமா ஐயாவு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எங்கம்மா ஒளிஞ்சிருக்கு?"

"இன்னும் வரல மாமா."

"அப்ப தீனி யாருக்குப் போடுற?"

"தண்ணிக்கு."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா கையை விரித்தார். "நானும் அதத்தான் கேக்குறேன். ஊரெல்லாம் நாய் வளர்க்குது, பூனை வளர்க்குது. எம்மவ தண்ணி வளர்க்குறா."

தினேஸ்வரி கோபப்படவில்லை. எனக்கு மட்டும் தனியாக விளக்கினாள். மீனின் கழிவு தண்ணீரில் விஷமாகும். அதைத் தின்று தீர்க்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அந்தப் பஞ்சில் குடியேற வேண்டும். அதற்குப் பல வாரம் பிடிக்கும். பாசார் மாலாம் மீன்கள் சாவது பசியால் இல்லை, புதுத் தண்ணீரில் தங்கள் கழிவாலேயே சாகின்றன. "மொதல்ல தண்ணி உசுரோட இருக்கணும்ணே. அப்புறம்தான் மீனு." இதையெல்லாம் கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். சொன்னபடி காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

பின்கட்டில் ஒரு நீல டிரம்மிலும் தண்ணீர் பிடித்து, குழாய்த் தண்ணீரின் குளோரின் போக மருந்து போட்டு வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "தேவப்படுறப்ப பிடிச்சா லேட்டாயிரும்" என்றாள்.

விஷம் தீர்ந்தது என்று குப்பியின் நிறம் காட்டிய வார இறுதியில் என்னோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பி ஈப்போவுக்குப் போய் இரண்டு மீன் வாங்கினாள். ஒன்று ஆரஞ்சும் வெள்ளையும், மற்றது நல்ல கறுப்பு. இரண்டுக்கும் சேலை முந்தானை மாதிரி வால். பையோடு தொட்டியில் மிதக்கவிட்டுச் சூடு சமமானதும் மெதுவாகத் திறந்துவிட்டாள். அவை ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே தெரிந்த இடம் போல நீந்தத் தொடங்கின.

ஒரு வாரம் போனது. ஒரு மாதமும் போனது. மீன்கள் கொழுத்தன. கென்னத்தின் மனைவி கேரன் பிள்ளைகளோடு வந்து பார்த்தார். மூன்றாவது வீட்டிலிருந்து வந்தார்கள். பின்வரிசையிலிருந்தும் வந்தார்கள். முதலில் அந்தப் பக்கமே திரும்பாத அம்மா, இப்போது விருந்தாளிகளுக்கு நாற்காலியைத் தொட்டி பக்கம் திருப்பிப் போட்டார். கறுப்பு மீனை அவர் "கறுப்பாயி" என்று கூப்பிடுவதை நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்காதது போல இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் போனபோது அம்மா விளக்கேற்றி முடித்துச் சாம்பிராணி தூபத்தோடு வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். வழக்கமாக அறைகளுக்கும் வாசலுக்கும் காட்டிவிட்டு வைத்துவிடுவார். அன்று தொட்டியின் முன்னால் நின்று, மூன்று முறை சுற்றிக் காட்டி, தூபக்காலை அங்கேயே தாங்கிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"எத்தன கண்ணு. வர்றவ எல்லாம் வாயப் பொளந்துல்ல பாக்குறாளுங்க" என்றார்.

மழைக்குக் கதவையும் ஜன்னலையும் அடைத்திருந்தார்கள். ஹால் முழுக்க வெள்ளைப் புகை. நாங்கள் அடுப்பங்கரையில் சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு ஹாலுக்கு வந்த தினேஸ்வரி, தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இரண்டு மீன்களும் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி நீட்டி மூச்சு வாங்கின. கறுப்பு மீன் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

அம்மா ஓடி வந்தார். "நான் சொன்னேன்ல, கண்ணு பட்டுருச்சு. இரு, இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போடுறேன்" என்று தூபக்காலை எடுக்கப் போனார்.

தினேஸ்வரி ஒரே எட்டில் கிட்டப் போனாள். தொட்டியின் மூடியைத் தூக்கி, குமிழ் உடையும் இடத்தில் முகத்தைத் தாழ்த்தி மோந்து பார்த்தாள். அடுத்த கணம் பிளக்கைப் பிடுங்கினாள்.

"தண்ணில சாம்பிராணி வாசம் வருது. பம்ப் இந்தப் புகையத்தான் இழுத்து உள்ள விட்டிருக்கு. அம்மா, அத வெளிய கொண்டு போயிருங்க. அண்ணே, ஜன்னலத் தொற."

பிறகு அவள் கைகள் செய்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதற்றமே இல்லை. குழாயால் தொட்டித் தண்ணீரில் பாதியை வாளிக்கு இறக்கினாள். பின்கட்டு டிரம்மிலிருந்து நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து, காற்று கலக்கும்படி சொம்பால் உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றினாள். அந்த டிரம் இல்லாமல் குளோரின் மணக்கும் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பம்ப்பை என் கையில் கொடுத்து, குழாயை ஜன்னல் வழியாக விட்டு, என்னை வெளியே அனுப்பினாள். "நல்லாத் தூக்கிப் பிடிண்ணே. தொட்டித் தண்ணிக்குக் கீழ இறக்கினா தண்ணி திரும்பி பம்ப்புக்குள்ள வந்துரும்." நீட்டிப்பு ஒயரில் மாட்டிய பம்ப்பைத் தலைக்கு மேல் ஏந்தியபடி, தாழ்வாரத்து ஓரத்தில், சுத்தமான மழைக்காற்றில் நின்றேன்.

கென்னத் அவன் வீட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "என்னா மச்சான், வெளிய நிக்க வச்சுட்டாங்களா?"

"மீனுக்கு மூச்சு விடுறேன், போ லா."

அவன் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு ஏணியைக் கொண்டுவந்து பம்ப்பை அதன் மேல் கட்ட உதவினான்.

உள்ளே அம்மா தொட்டிமுன் நின்றிருந்தார். "அப்ப நாந்தான் கொல்லப் பாத்தேனா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. பம்ப் வச்ச எடம் தப்பு. வெயில யோசிச்சேன், பூனைய யோசிச்சேன், தரைய யோசிச்சேன். வெள்ளிக்கிழமைய யோசிக்கல. அது என் பிளான்ல உள்ள ஓட்டை."

ஆரஞ்சு மீன் முதலில் கீழே இறங்கியது. கறுப்பாயி வெகுநேரம் சாய்ந்தே கிடந்தது. மழை விட்டு, ஹால் புகை எல்லாம் வெளியேறிய பிறகு வாலை ஒருமுறை அடித்தது. இன்னொரு முறை அடித்தது. பிறகு நேராகி, தொட்டியின் அடிக்குப் போய்க் கல்லை முகர்ந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தொட்டியை வெளியே எடுக்கச் சொல்லும் பேச்சு அந்த வீட்டில் அதன் பிறகு எழவே இல்லை.

மறுநாள் காலையில் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டது தினேஸ்வரி இல்லை, அம்மா. "டேய், அந்த பம்ப்புக்கு வெளிய ஒரு இரும்புப் பொட்டி செஞ்சு குடு. மழ படக் கூடாது. ஒசரமா மாட்டணும், தண்ணிக்குக் கீழ எறங்கக் கூடாதாம். தெரியும்ல?" முந்தின நாள் கற்றதை எனக்குப் பாடம் எடுத்தார். பட்டறையில் அன்றே செய்தேன். மேலே சரிவான கூரை, பக்கத்தில் காற்றுத் துளைகள். ஜன்னலுக்கு வெளியே உயரத்தில் மாட்டி, சாயம் பூசினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா வழக்கம்போலச் சாம்பிராணி போட்டார். ஒரு கரண்டியும் குறைக்கவில்லை. வீடு முழுக்கப் புகை மூட்டம். தினேஸ்வரி கைகட்டித் தொட்டியின் பக்கத்தில் நின்றாள். குமிழ்கள் ஜன்னலுக்கு வெளியே இருந்த காற்றைக் கொண்டுவந்து தண்ணீரில் விட்டன. அம்மா தூபக்காலோடு நெருங்கியதும், தீனி வருகிறது என்று நினைத்து இரண்டு மீன்களும் கண்ணாடியை முட்டிக்கொண்டு ஓடி வந்தன.

"போங்கடி, இது சாப்புடுறது இல்ல" என்றார் அம்மா. பிறகு தூபக்காலை என்னிடம் கொடுத்துவிட்டு, தீனி டப்பாவைத் தேடினார்.