சர்க்கரை இல்லாத சமையலறை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு டம்ளரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். சர்க்கரை கேட்க!

சிரிக்காதீர்கள். எனக்கும் சுகர், என் மனைவி வசந்தாவுக்கும் சுகர். ‘தாவர உணவு நல்லதா, லோ-கார்ப் நல்லதா?’ என்று சுகர் உள்ள நீங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே... அந்தப் பட்டிமன்றம் எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக நடக்கிறது.

நான் தாவரக் கட்சி. பால், தயிர், முட்டைக்கெல்லாம் கும்பிடு போட்டுவிட்டேன். கீரை, கொள்ளு, முளைகட்டிய பயறு, கொஞ்சம் கைக்குத்தல் அரிசி. வசந்தா லோ-கார்ப். சோறும் இட்லியும் கிட்டவே வரக்கூடாது. முட்டை, மீன், பனீர். சர்க்கரை, வெல்லம், பிஸ்கட்டை மட்டும் இருவரும் ஒற்றுமையாக வெளியேற்றினோம்.

தினமும் விரலைக் குத்தி, வந்த எண்ணைக் காலண்டரில் எழுதுவோம். எனக்கு நீல மை, அவளுக்குச் சிவப்பு. மைன்ஸ் வேலையில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ரீடிங் எழுதியே பழகிய கை அல்லவா!

சனிக்கிழமை நான் சும்மா இருந்திருக்கலாம். “மூணு நாளா நான்தான் ஃபர்ஸ்ட். உன் முட்டை தோத்துப்போச்சு” என்று சீண்டினேன். வாய்க்கொழுப்பு!

வசந்தா அன்றிரவு வெறும் வெள்ளரிக்காயோடு படுத்தாள். காலையில் வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே வாக்கிங் கிளம்பினாள். “வந்து குத்திக்கிறேன். இன்னைக்குப் பாருங்க!”

திரும்பி வந்தவள் நாற்காலியில் சரிந்தாள். உடம்பெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. “என்னங்க... ஒரு மாதிரியா...” பேச்சு குழறியது.

சுகர் இறங்குகிறது என்று புரிந்துவிட்டது. டப்பா டப்பாவாகத் திறந்தேன். கொள்ளு, பயறு, ஆளிவிதை... ஒரு கொய்யாப்பழம் இருந்தது. மெல்லும் நிலையில் அவள் இல்லை. இத்தனை டயட் படித்து என்ன பிரயோஜனம்? ஒரு ஸ்பூன் சர்க்கரை இல்லையே! போய்விடுவாளோ என்று பயந்து, டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“இன்னா சார், இப்படி ஓடியாறீங்க?” என்ற பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, விஷயம் கேட்டதும் சர்க்கரை டப்பாவோடு கூடவே ஓடி வந்தார். தண்ணீரில் கரைத்தார். “நல்லா ஒக்கார வச்சிப் புடிச்சிக்கங்க சார். கொஞ்சங்கொஞ்சமா குடுக்கறேன். ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன், கூட்டிக்கினு போயிடலாம்.”

சற்று நேரத்தில் வசந்தா கண்ணைத் திறந்து தெளிவாகப் பார்த்தாள். முதல் கேள்வி என்ன தெரியுமா?

“ரீடிங் எவ்வளவு வந்துச்சு?”

ஸ்டெல்லா நிற்பதைக்கூட மறந்து அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எங்கள் டாக்டரிடம் உங்கள் கேள்வியையே கேட்டேன். “ரெண்டுலயுமே சுகர் குறையும் சார். யாருக்கு எது ஒத்துக்குது, எதை விடாம சாப்பிட முடியும்னுதான் பார்க்கணும். ஆனா சோத்தை நிறுத்தினதை ஏன் என்கிட்ட சொல்லலை? மாத்திரை மட்டும் பழைய டோஸ்லயே இருந்திருக்கே!” என்றார்.

வசந்தாவுக்கு மாத்திரையைக் குறைத்திருக்கிறார். ஸ்டெல்லாவின் சர்க்கரை டப்பா எங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. காலண்டரில் எண்கள் தொடர்கின்றன, இப்போது ஒரே மையில்.

முன்பெல்லாம் காலையில் கண் விழித்ததும் வசந்தாவிடம் ‘எவ்வளவு?’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்கிறேன்.