மூன்றாம் தொட்டியின் சூடு

"காலை 10.40. மூன்றாம் தொட்டி. 72 டிகிரி. என்சைம் ஊற்றியாயிற்று." போன ஆண்டு ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, என் சொந்த நாட்குறிப்பில் நானே எழுதிய வரி இது.

காவேரிப்பட்டினம் சாலையில் உள்ள ஒரு மாங்கூழ் ஆலையில் நான் ஷிப்ட் பொறுப்பாளர். கூழைக் கொதிக்கவைத்து, ஐம்பது டிகிரிக்கு ஆறவிட்டுத்தான் என்சைம் ஊற்ற வேண்டும். அப்போதுதான் கூழ் இளகிச் சாறாகும். குளிர்ச்சியில் என்சைம் சோம்பிக் கிடக்கும். சூடு மீறினால் செத்துப்போகும்.

எங்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆலையின் பதிவுத்தாளில் எல்லாக் கட்டங்களிலும் காலையிலேயே "50" என்று நிரப்பிவிடுவோம். அன்றும் நிரப்பினேன். வாசலில் பழ லாரிகள் வரிசைகட்டி நின்றன. மீட்டரைப் பார்த்தேன், வழக்கம்போல நாட்குறிப்பில் குறித்தேன், ஊற்றச் சொன்னேன். கை எழுதியதை மனம் படிக்கவில்லை.

மதியம் வரை கூழ் இளகவில்லை. மேலாளர் கேட்டபோது பதிவுத்தாளை நீட்டினேன். சூடு சரி என்றால் கேனில் வந்த என்சைம்தான் கெட்டிருக்க வேண்டும். குளிர் அறையிலிருந்து கேன் எடுத்துவந்த ஒப்பந்தத் தொழிலாளியை எல்லார் முன்னாலும் கூப்பிட்டேன்.

"கேனை வெயில்ல வெச்சிட்டு டீ குடிக்கப் போனியாம்மா?"

"டீயா? மூஞ்சி கழுவவே நேரமில்ல சார். நேரா எடுத்தாந்தேன். தொட்டிகிட்ட போனா மூஞ்சியே வேகுது, அதப் பாருங்க மொதல்ல."

"எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றேன். சிலர் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவரை வர வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை, அதே கேனில் மிச்சமிருந்ததை வேறொரு தொட்டியில் ஊற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்தில் கூழ் தண்ணீராக இளகியது. அப்போதுதான் நாட்குறிப்பைத் திறந்தேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். ஒன்பது நாள் வாய் திறக்கவில்லை. பிறகு மேலாளரிடம் ஒப்புக்கொண்டேன். "விடுங்க சார், சீசனே முடியப்போகுது" என்றார். அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனேன், பூட்டியிருந்தது. ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை கிடைத்துவிட்டது என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

தேதி தவறாமல் குறிப்பெழுதுகிறவன் என்ற என் பெருமை அந்த வாசலோடு போயிற்று. இப்போது பதிவுத்தாளை மீட்டர் முன்னால் நின்றுதான் நிரப்புகிறேன். அவருக்கு வேலை கிடைத்ததாகச் சொன்னது உண்மைதானா என்று மட்டும் இன்றுவரை நான் உறுதிசெய்யவில்லை. அது பொய்யாக இருந்துவிடுமோ என்ற பயத்தில்தான் ஓசூர் பஸ் ஏறாமல் இருக்கிறேன்.