எகிப்துக்கு உயிரெழுத்துத் தேடிய கதை

செத்துப்போன மொழிக்கு வாய் திறந்துவிடுவதுதான் என் தொழில். சம்பளம் மட்டும் உயிருள்ள காசாக வருகிறது.

"நீர் என்ன வேலை செய்யிறீர்?" என்று யாராவது கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல் விழிக்கும் சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக. யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய கல்வி நிலையத்தில், பழைய எகிப்தியர் தங்கள் மொழியை எப்படி உச்சரித்தார்கள் என்பதைப் படிப்பிக்கிறேன். எங்கள் பணிப்பாளர் முன்னாள் கணக்கு வாத்தியார். என்னைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஊகத்துக்கு நான் வகுப்பறை தரமாட்டன். நிறுவிக் காட்டும். இல்லாட்டி இந்தத் தவணையோடை உந்தப் பாடத்தை நிப்பாட்டுவன்." பாடம் நின்றால், படித்த படிப்பை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான்.

பருத்தித்துறை பஸ்

அதே கிழமை, பருத்தித்துறையிலிருந்து வரும் பஸ்ஸில், மடியில் மீன் பையோடு பக்கத்தில் இருந்தவர் என் தொழிலை விசாரித்தார். விளக்கினேன். எகிப்தியர் சித்திரம் சித்திரமாக எழுதியது மெய்யொலிகளை மட்டும்தான், உயிரொலிகளை எழுதவேயில்லை. 'கடல்' என்பதை 'க்ட்ல்' என்று எழுதிவிட்டுப் போனால் எப்படி? அது கடலா, கூடலா, குடலா என்று மண்டையை உடைப்பதுதான் எங்கள் தலைவிதி.

மனிதர் நெல்லியடி வரும்வரை யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து என் தோளில் தட்டினார்.

"அதைக் கதைச்ச ஆக்கள் ஒருத்தரும் உயிரோடை இல்லை. அப்ப நீர் பிழையாய்ச் சொன்னாலும் பிடிக்க ஆளில்லை. சோக்கான வேலை, தம்பி!"

கொடிகாமத்தில் ஒரே எழுத்து

மீன்காரர் சொன்னது முள்ளாகத் தொண்டையில் நிற்க, கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பேசப் போனேன். 'நெஃபெர்' என்றால் அழகு, 'செனெப்' என்றால் சுகம், 'ஹெதெப்' என்றால் அமைதி என்று அடுக்கிக்கொண்டே போனேன். எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. நடுவில் எந்த உயிரொலி இருந்தது என்று தெரியாவிட்டால், வாசிக்க வசதியாக ஒரு 'எ'யைச் சொருகிவிடுவோம். அது நாங்கள் போட்ட ஒட்டு, எகிப்தியன் போட்டதல்ல. அதைச் சொல்ல மறந்துபோனேன்.

மகளைக் கூட்டிப்போக வந்து கடைசி வாங்கில் குந்தியிருந்த மரக்கறி வியாபாரி ஒருவர் கையை உயர்த்தினார்.

"சேர், உந்தச் சனத்துக்கு வாய் திறக்கப் பஞ்சியோ? எல்லாத்துக்கும் ஒரே 'எ' போட்டிருக்கு!"

குருநகர்ப் பாட்டு

பஞ்சி, அதாவது சோம்பல், அவர்களுக்கல்ல, எங்களுக்குத்தான். உண்மையான உயிரொலியைத் தேட வேண்டுமென்றால் கொப்திக்கில் தொடங்க வேண்டும். அது எகிப்திய மொழியின் கடைசி வடிவம். அங்கிருந்த கிறிஸ்தவர்கள் அதைக் கிரேக்க எழுத்தைக் கொண்டு, உயிரொலிகளோடு எழுதினார்கள். இன்று வீட்டில் யாரும் அதைக் கதைப்பதில்லை. கோயில் வழிபாட்டில் மட்டும் இன்னும் பாடுகிறார்கள்.

இதைச் சொன்னபோது என் வகுப்பில் ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை. "கதைக்க ஆளில்லாத மொழி பாட்டில் எப்படி சேர் நிக்கும்?" என்று முன்வாங்கு கேட்டது. நான் வாயைத் திறக்குமுன் ஜெனிற்றா எழும்பினாள். குருநகரில் கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவள்.

"எங்கடை அப்பாவுக்கு லத்தீனிலை ஒரு சொல்லும் விளங்காது. ஆனா திருநாள் பூசையிலை பழைய லத்தீன் பாட்டை ஒரு எழுத்துப் பிசகாமல் பாடுவார். வலை இழுக்கேக்கையும் அதுதான் வரும்!"

கவிழ்த்து வைத்த படம்

தவணைக் கடைசியில் பணிப்பாளர் வகுப்புக்கு வந்தார். அவர் கையில் ஒரு படத்தைக் கொடுத்தேன். அதை மேசையில் கவிழ்த்து, மேலே கையை வைத்துக்கொண்டார். பரீட்சை மேற்பார்வை செய்த பழக்கம் விடுமா? "நீர் கண்ணாலை சொல்லிக் குடுப்பீர்" என்று என்னை யன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். நானும் நின்றேன். யன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை மரம். அதைப் பார்த்தபடியே பாடத்தைத் தொடங்கினேன்.

எகிப்தின் கடவுள் ஒருவரைக் கொப்திக்கில் 'அமூன்' என்பார்கள். அயல்நாட்டு எழுத்தர்கள் அதே பெயரை, பரங்கியும் ஒல்லாந்தனும் எங்கள் ஊர்ப் பெயர்களை எழுதியது போல, காதில் விழுந்தபடி களிமண் பலகையில் எழுதினார்கள். அவர்களுடைய எழுத்தில் உயிரொலி உண்டு. அதில் 'அமான' என்று இருக்கிறது. இப்படிப் பல சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழைய 'ஆ' நாளடைவில் 'ஓ' ஆகியிருக்கிறது; 'ம', 'ந' ஒலிகளுக்குப் பின்னால் மட்டும், அமூனில் போல, 'ஊ' ஆகியிருக்கிறது. இவ்வளவும் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியாதது, பணிப்பாளரின் கைக்குக் கீழே இருந்த பெயர்.

"பருந்துத் தலைக் கடவுளைக் கொப்திக்கில் 'ஹோர்' என்பார்கள். களிமண் எழுதிய காலத்தில் அது எப்படி இருந்திருக்கும்?" என்று முருங்கை மரத்திடம் கேட்டேன்.

சோக்கட்டி கரும்பலகையில் கீறும் சத்தம் கேட்டது. பிறகு ஜெனிற்றாவின் குரல். "'ஓ' பழைய 'ஆ'விலை இருந்து வந்தது. அப்ப இது 'ஹார்' எண்டுதான் இருக்க வேணும், சேர்."

பணிப்பாளர் படத்தைத் திருப்பினார். ஒரு பழைய களிமண் பலகை. எகிப்திலிருந்து போன தூதன் ஒருவனின் பெயர் அதில் இருந்தது. அந்தக் கடவுளின் பெயரை முன்னால் வைத்த பெயர். கீழே நான் தமிழில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டினார். "ஹா... ர..." அதற்கு மேல் வாசிக்க வகுப்பு விடவில்லை. மேசையில் தட்டியவர்கள், விசிலடித்தவர்கள், ஜெனிற்றாவைக் கட்டிப்பிடித்தவர்கள். நான் யன்னலை விட்டுத் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. வெற்றிக்கு அழுவதில் என்ன வெட்கம்?

பணிப்பாளர் எழும்பிப் போய், ஜெனிற்றா எழுதியதற்குக் கீழே 'நிறுவப்பட்டது' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். கையில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வகுப்பறை உமக்குத்தான். ஆனா முன்வாங்கிலை எனக்கும் ஒரு இடம் விடும், வாற தவணை நானும் வாறன்."

பருத்தித்துறை பஸ்ஸில் வந்த அண்ணை, என் பிழையைப் பிடிக்க ஆளில்லை என்று இனிச் சொல்லாதையுங்கோ, மூவாயிரம் வருஷத்துக்கு முன்னமே ஒருத்தன் விடையைக் களிமண்ணில் எழுதி வைத்துவிட்டுத்தான் எங்களைப் பரீட்சைக்கு இருத்தியிருக்கிறான்.