நீலச் செருப்பு ஆப்பு

எங்கள் ஒர்க்‌ஷாப்பின் சீனியர் மெக்கானிக் எதையும் செருப்பை வைத்தே சரிசெய்வார். தேய்ந்துபோன நீல ரப்பர் செருப்பின் அடியைக் கத்தியால் சீவி, ஆடுகிற மேஜைக் காலுக்கும் அடித்துக்கொள்கிற கதவுக்கும் உதறுகிற பேட்டரிப் பெட்டிக்கும் ஆப்பாகச் செருகுவார். ஆட்டம் நின்றுவிடும். உடனே என் பக்கம் திரும்புவார்.

"பாத்தியா? உன் டிப்ளமால இது கீதா?"

பட்டான்செரு ரோட்டில் டிராக்டர் விற்று, பழுதும் பார்க்கிற இடம் அது. மற்றவர்களெல்லாம் தெலுங்கு, தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவருடையது வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், வீடு குஷாய்குடாவில். நான் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா ரயில்வேயில் கலாசி, பளு தூக்குகிற வேலை. வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். ஆறாவது படிக்கும்போதே வீட்டுக்கு வரும் தாள்களையெல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். நான் விரல் வைத்த இடத்தில் அப்பா கையெழுத்துப் போடுவார். எங்கள் லைனில் பாதிப் பேருக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்ததும் நான்தான். எழுதத் தெரிந்தவன் மற்றவர்களுக்காக எழுதவேண்டும் என்பது எனக்கு ஊறிப்போன பழக்கம்.

அதனால், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சீனியர் ஜாப் கார்டுக் கட்டை என் கையில் திணித்து, "படிச்சவன் நீ. எழுதி, கையெழுத்தும் நீயே போட்டுடு" என்றபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் செய்த வேலைகளுக்கெல்லாம் கீழே என் பெயர் ஏறியது. ஏழு மாதம் அந்த மடத்தனத்தைச் சந்தோஷமாகச் செய்தேன்.

பிறகு அந்தக் குட்டி டிராக்டர் வந்தது. ஒரு நர்சரிக்காரருடையது. முன்னால் மண் அள்ளுகிற லோடர் பக்கெட், சீட்டுக்கு வலப்பக்கம் அதற்கான லீவர். லீவரைப் பின்னால் இழுத்தால் பக்கெட் ஏறும், முன்னால் தள்ளினால் இறங்கும், கையை எடுத்தால் லீவர் தானே நடுவுக்கு வந்து பக்கெட் நின்றுவிட வேண்டும். லீவர் லொடலொடவென்று ஆடுகிறது என்பதுதான் முதல் புகார். சீனியர் தனியாக வண்டியிடம் போய்விட்டு அரை மணியில் திரும்பினார். "முடிஞ்சிது, எழுது" என்றார். லீவர் சரிசெய்யப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான்காம் நாள் நர்சரியிலிருந்து போன். யாரும் தொடாமலே பக்கெட் மெல்ல மேலே எழுகிறதாம். பின்பக்கம் மாட்டிய கலப்பையோ கொஞ்சம்கூடத் தூக்கவில்லை. டிரைவர் தண்ணீர் குடிக்க இறங்கிய நேரத்தில் பக்கெட் தானே ஏறி, நாற்றுகளுக்கு மேலே கட்டியிருந்த பச்சை வலையைக் கிழித்துவிட்டது. வண்டியில் தெய்யம், அதாவது பேய், புகுந்துவிட்டது, இனி அதில் ஏறமாட்டேன் என்று அவர் உட்கார்ந்துவிட்டாராம்.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சீனியர் தெலுங்கில் முந்திக்கொண்டார்.

"தம்முடு சேசாடு சார். சந்தகம் சூடண்டி."

தம்பிதான் செய்தான், கையெழுத்தைப் பாருங்கள் என்கிறார். முதலாளி பார்த்தார். என் பெயர், அழகாக, கோணாமல் இருந்தது. நாளைக்கு நானும் வருகிறேன், அங்கே சரியாகவில்லை என்றால் யூனிபார்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போ என்றார்.

வெளியே வந்ததும் சீனியர் என் தோளில் கைபோட்டார். "கைக்குரே, ஏன்டா மூஞ்சத் தூக்கற? ரெண்டு திட்டு வாங்கினா படிச்ச படிப்பு அழிஞ்சிடுமா?"

தோளிலிருந்த அந்தக் கையின் கனம் ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை இறங்கவில்லை. வேலை போய்விடும் என்கிற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் யூனிபார்மில் பெயர் பொறித்த முதல் ஆள் நான். ஆனால் பயத்தைவிட அதிகமாக ஒன்று வேண்டியிருந்தது. முதலாளி முன்னால் அந்த மனிதரின் தலை தொங்குவதைப் பார்க்கவேண்டும்.

காலையில் நர்சரிக்குப் போனோம். சீனியர் வேப்ப மரத்தடியில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "பம்ப் போயிந்தி சார்."

நான் வண்டியிடம் போனேன். பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, ஆயில் அளவு பார்த்தேன். சரியாக இருந்தது. ஹோஸ் மாட்டும் கப்ளிங்குகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். நன்றாக உட்கார்ந்திருந்தன. டிரைவரைக் கெஞ்சி சீட்டில் ஏற்றி ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். பக்கெட் ஏற ஆரம்பித்தது, தூக்கம் கலைந்தவன் கையை நீட்டுகிற மாதிரி. பம்ப் முனகியது.

"ஏம்பா, மந்திரம் கிந்திரம் போடப்போறியா?" என்றார் சீனியர், முதலாளிக்குப் புரியாத தமிழில்.

பக்கெட்டை மறுபடி இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லீவரை வால்வோடு இணைக்கிற கம்பியின் பின்னைக் கழற்றினேன். இப்போது லீவருக்கும் வால்வுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். பக்கெட் அசையவில்லை. வால்வைக் கையால் இழுத்து விட்டேன், ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவந்தது. பின்பக்கக் கலப்பை ஜம்மென்று எழுந்தது. அப்படியானால் பம்ப் நன்றாக இருக்கிறது, வால்வும் நன்றாக இருக்கிறது. லீவரை எதுவோ நடுவுக்கு வரவிடாமல் பின்னால் தள்ளிப் பிடித்திருக்கிறது. வால்வு கொஞ்சம் திறந்தே கிடக்கிறது. கலப்பைக்குப் போகவேண்டிய ஆயிலையும் பக்கெட்டே குடித்துவிடுகிறது.

லீவரின் அடியில் கறுப்பு ரப்பர் உறை இருக்கும். அதைத் தூக்கி விரலை விட்டேன். மெத்தென்று ஒன்று தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தேன். நீலம்.

"ஆப்பு!" என்று கத்தினேன். ஒர்க்‌ஷாப் மேஜையில் தினமும் பார்க்கிற அதே ஆப்பு.

டிரைவர் சட்டென்று சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். தெலுங்கில் 'ஆபு' என்றால் நிறுத்து. கத்தும்போது யாரும் ஒற்றெழுத்தைக் கேட்பதில்லை. நர்சரி முழுக்க அமைதி. அந்த அமைதியில், வார் மாட்டும் ஓட்டை பாதியோடு சீவப்பட்டிருந்த செருப்புத் துண்டை இழுத்தெடுத்து முதலாளி கையில் வைத்தேன்.

அவர் அதை விரலால் நசுக்கினார். அவருடைய கேபின் கதவுக்கும் அடியில் அதுதான் இருக்கிறது. திரும்பி சீனியரைப் பார்த்தார். சீனியர் வேப்ப மரத்தைப் பார்த்தார்.

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. லீவர் ஆடக் காரணமாயிருந்த தேய்ந்த புஷ்ஷை மாற்றி, கம்பியை மாட்டி, டிரைவரை நாலு தரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஜாப் கார்டில் கோளாறுக்கான காரணத்தை எழுதினேன். எழுதி சீனியரிடம் நீட்டினேன்.

"கையெழுத்துப் போடுங்கண்ணே."

"இன்னா எழுதிகீற?"

"நீங்களே படிச்சிப் பாருங்கண்ணே."

அவர் சட்டைப் பையைத் தடவினார், கண்ணாடி தேடுகிறவர் போல. அவருக்குக் கண்ணாடி கிடையாது. எங்கப்பாவும் பேங்கில் இதையேதான் செய்வார். தெரிந்துதான் சொன்னேன்.

அவருக்கும் அது புரிந்துவிட்டது. கிட்டே வந்து, தணிந்த குரலில் கேட்டார்: "உங்கப்பனையும் இப்டித்தான் நிக்க வெப்பியா?"

"எங்கப்பா தான் செஞ்சத அடுத்தவன் தலையில கட்டினதில்ல. போடுங்க."

விரலை வைத்துக் காட்டினேன். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். சீனியர் போட்டார். மூன்று எழுத்து, கோணல்மாணலாக.

யூனிபார்ம் என்னிடமே இருக்கிறது. அவரும் அங்கேதான் இருக்கிறார். என் டிப்ளமாவை இழுத்துப் பேசுவதை விட்டுவிட்டார். அவரவர் வேலைக்கு அவரவர் கையெழுத்து என்று முதலாளி சொல்லிவிட்டதால், சாயங்காலம் அவர் என் மேஜைக்கு வருகிறார். அவர் செய்ததை எழுதி, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டி, விரல் வைக்கிறேன்.

அந்த நீலத் துண்டு என் டூல் பாக்ஸில் இருக்கிறது. அவர் வருவது தெரிந்ததும் வெளியே எடுத்து, கார்டு பறக்காமல் இருக்க அதன் மேல் வைப்பேன். காற்று அடிக்காத நாளிலும்.